கேஸுவால்டியில் குழந்தைக்கு வலி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் டாக்டர் நான். கை முறிந்து, தாடை கிழிந்து, வெந்நீர் கொட்டி வரும் குழந்தைகளோடு ஓடி வருகிற அம்மா அப்பாக்கள், தாத்தா பாட்டிகள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அங்கே நின்றபடி, இன்னொரு குழந்தையின் அழுகைக்கு நடுவில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாகச் சொல்கிறேன். வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் வருகின்றன, ஆஸ்பத்திரியில் மட்டுமே கொடுக்க வேண்டியவையும் வருகின்றன. எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோட்டை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

டாக்டர் பார்த்த பிறகுதானே வலிக்கு மருந்து கொடுக்க வேண்டும்?

காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை உள்ளே வந்த சில நிமிடங்களிலேயே, எக்ஸ்ரேவுக்கு முன்னாடியே, வலிக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். "முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டால் என்ன நடக்கிறது? முறிந்த கையை மேசையில் வைத்துத் திருப்புவார்கள். குழந்தை அலறும், படம் ஆடிப்போகும், மறுபடியும் எடுக்க வேண்டி வரும். வலியை அடக்கிவிட்டு அனுப்பினால் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

நீங்கள் கிளம்பும்போதே இரண்டு வேலை செய்யலாம். முறிந்தது போலத் தெரியும் கையை ஒரு அட்டையோ தடிமனாக மடித்த செய்தித்தாளோ வைத்து, துப்பட்டாவால் அசையாமல் கட்டுங்கள். அசையாமல் இருந்தாலே வலி நன்றாகக் குறையும். அப்புறம், குழந்தை நல்ல நினைவோடு இருந்து வாந்தியும் எடுக்கவில்லை என்றால் பாராசிட்டமால் சிரப் ஒரு வேளை அளவு கொடுக்கலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது? வயதுக்கு ஏற்றபடியா?

எடைக்கு ஏற்றபடி. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. இரண்டு வேளைகளுக்கு இடையில் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது.

தப்பு நடக்கும் இடம் பாட்டில்தான். கடையில் கிடைக்கும் சிரப்களில் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ளது ஒன்று, 250 மி.கி. உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். 12 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தேவை 180 மி.கி. 120 சிரப் என்றால் 7.5 மி.லி., 250 சிரப் என்றால் 3.6 மி.லி., சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி. அவசரத்தில் "அஞ்சு எம்.எல். குடுங்க" என்று யாரோ சொல்ல, சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். அதனால் பாட்டில் முகப்பில் உள்ள எண்ணைப் படியுங்கள். கூடவே வரும் சிரிஞ்சையோ மூடியையோ வைத்து அளந்து கொடுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம்.

வேறு வலி மருந்துகள்?

இபுபுரோஃபென் நல்ல மருந்து, எலும்பு வலிக்கு இன்னும் நல்லது. கிலோவுக்கு 10 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கு. சிறிய எலும்பு முறிவோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கு வாய்வழி மார்ஃபினையும் இபுபுரோஃபெனையும் கொடுத்து 2014-இல் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலியைக் குறைத்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்க விளைவு மார்ஃபினில்தான் அதிகம்.

ஆனால் காய்ச்சலோடு வரும் வலி என்றால் நம் ஊரில் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. டெங்கு இல்லை என்று தெரியும் வரை இபுபுரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும்தான். பாம்பு கடித்த குழந்தைக்கும் இதே விதி. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போன குழந்தைக்கு இபுபுரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இன்னொன்று: பாராசிட்டமாலும் இபுபுரோஃபெனும் ஒரே பாட்டிலில் சேர்ந்து வரும் சிரப்கள் இருக்கின்றன. அதைக் கொடுத்துவிட்டு மேலே தனியாகப் பாராசிட்டமாலும் கொடுத்துவிடாதீர்கள்.

நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது என்று 2011-இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. பழைய சீட்டை வைத்து மருந்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள். கோடீன் குழந்தைகளுக்கு வேண்டாம். சில குழந்தைகளின் கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் கொடுத்த குழந்தைகள் மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் எச்சரிக்கை வந்தது. 2017-இல் 12 வயதுக்குக் கீழ் கூடாது என்றே சொல்லிவிட்டார்கள், டிராமடாலையும் சேர்த்து.

வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தால் அப்பெண்டிக்ஸ் தெரியாமல் போய்விடாதா?

பழைய காலத்துப் பயம் இது. டாக்டர்களிடமும் இருந்தது, இன்னும் சிலரிடம் இருக்கிறது. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், மார்ஃபின் கொடுத்த குழந்தைகளிடமும் நோயைக் கண்டுபிடிப்பதில் தப்பு கூடவில்லை. வலியில் வயிற்றை இறுக்கிக்கொண்டு, தொடவே விடாமல் உதைக்கும் குழந்தையிடம் எதைக் கண்டுபிடிப்பது? வலி கொஞ்சம் அடங்கினால் "இங்கே தொட்டா வலிக்குதா, அங்கேயா?" என்று கேட்டுப் பார்க்க முடிகிறது. "சர்ஜன் வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் எதுவும் வேணாம்" என்று யாராவது சொன்னால், மரியாதையாக, ஆனால் விடாமல், இன்னொரு தடவை கேளுங்கள்.

கைக்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்கிறார்களே?

தெரியும். நன்றாகத் தெரியும். இதை மருத்துவ உலகமே மிகவும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. 1980-கள் வரைக்கும் பச்சிளம் குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷன்களைக்கூட, உடம்பு அசையாமல் இருக்கும் மருந்தை மட்டும் கொடுத்து, வலிக்குச் சரியாக எதுவும் கொடுக்காமல் செய்த இடங்கள் உண்டு. நரம்பு இன்னும் முழுசாக வளரவில்லை, அதற்கு எங்கே வலி தெரியப்போகிறது என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அசைய முடியாத குழந்தை அழவும் முடியாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கே.ஜே.எஸ். ஆனந்த். இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆராய்ச்சிக்குப் போனவர். இதய ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்த குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. 1987-இல் அது வெளிவந்தது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பச்சிளம் குழந்தைக்கும் வலி மருந்து வேண்டும் என்று அறிவித்தது.

வலியை உடம்பு மறப்பதும் இல்லை. பிறந்தவுடன் மரத்துப்போக எதுவும் செய்யாமல் சுன்னத் செய்யப்பட்ட குழந்தைகள், நாலு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்ற குழந்தைகளைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். 1997-இல் டொரொன்டோவில் செய்த ஆய்வு அது. "சின்னப் புள்ள, நாளைக்கு மறந்துடும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பேசத் தெரியாத குழந்தைக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்?

முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, 10-க்கு மதிப்பெண் சொல்லும் முறை இருக்கிறது. மூன்று நாலு வயதுக்கு மேல் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டி "இதுல நீ எது?" என்று கேட்போம். எட்டு வயதுக்கு மேல் நேரடியாகப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கலாம்.

அதோடு ஒரு விஷயம். ரொம்பவும் அழாமல், கண்ணை மூடி, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் குழந்தையை "சமத்தா இருக்கான்" என்று நினைத்துவிடாதீர்கள். அசைந்தால் வலிக்கும் என்று தெரிந்து அப்படிக் கிடக்கிறான். அம்மா நீங்கள் "இவன் இப்படி இருக்கற புள்ளையே இல்ல, சார்" என்று சொன்னால் அது எனக்கு எந்த அட்டையையும்விடப் பெரிய தகவல்.

தையல் போட நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்களே, வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஆஸ்பத்திரியில், வாசல்படியில் விழுந்து தாடை கிழிந்த நாலு வயதுப் பெண் குழந்தையைப் பெட்ஷீட்டில் சுருட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் தலை, ஒருவர் தோள், இரண்டு பேர் கால். நான் தலையைப் பிடித்தேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஆனால் அது வேலை செய்ய நேரம் கொடுக்கவில்லை. மூன்று தையல். வெளியே பாட்டி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். முடிந்து பெட்ஷீட்டைப் பிரித்தபோது குழந்தை அழவில்லை. என் கையை ஒரு பார்வை பார்த்தது. அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் அப்படிப் பிடிக்க நான் சம்மதித்ததில்லை.

முதல் கேள்வி, தையல் தேவையா என்பது. சின்னதாக, சுத்தமாக, விளிம்புகள் சேர்ந்து நிற்கிற வெட்டுக்குத் தோல் ஒட்டும் பசை போதும், ஊசியே வேண்டாம். தலையில் வெட்டு, முடி நீளமாக இருக்கிறது என்றால், இரண்டு பக்கத்து முடியையும் முறுக்கிச் சேர்த்துப் பசை ஒரு சொட்டு வைத்தே காயத்தை மூடிவிடலாம்.

தையல் வேண்டும் என்றால், சில ஆஸ்பத்திரிகளில் காயத்தின் மேலேயே வைக்கும் மரத்துப்போகிற ஜெல் இருக்கும். பஞ்சில் நனைத்து வைத்துவிட்டு 20, 30 நிமிடம் காத்திருந்தால் காயத்தைச் சுற்றி வெளுத்துப்போகும். அதுதான் மரத்ததற்கு அடையாளம். ஜெல் இல்லாத இடத்திலும் வழி உண்டு. மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசி எரிவதற்குக் காரணம் அதன் அமிலத்தன்மை. பத்து பங்குக்கு ஒரு பங்கு சோடா பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் நன்றாகக் குறையும். மருந்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியால், தோலைக் குத்தாமல் காயத்தின் உள்விளிம்பு வழியாக மெதுவாகச் செலுத்த வேண்டும். செலுத்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

குழந்தை அம்மா மடியில் உட்காரட்டும். கையில் போன், பிடித்த கார்ட்டூன், நீர்க்குமிழி, எதுவானாலும் சரி. இத்தனைக்குப் பிறகும் பயத்தில் துடிக்கிற குழந்தைக்கு மூக்கில் தெளிக்கும் மிடாஸோலம் கொடுக்கலாம். பயத்தைக் குறைக்கும், நடந்ததை மறக்கவைக்கும். ஆனால் அது வலி மருந்து இல்லை. மிடாஸோலம் கொடுத்துவிட்டு மரத்துப்போக ஊசி போடாமல் தைப்பது சரியில்லை.

கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது, வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சின்னக் குழாய்) போடும்போது?

தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். முடியாவிட்டால், எல்லா வார்டிலும் இருக்கும் 25 சதவீத குளுக்கோஸ் ஆம்பியூலிலிருந்து ஒன்றிரண்டு மி.லி. நாக்கில் விடச் சொல்லிக் கேளுங்கள். ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்னால் விட வேண்டும். இனிப்பு நாக்கில் பட்டதும் மூளை தன் சொந்த வலி நிவாரணியைச் சுரப்பதாகக் கருதப்படுகிறது. சில நிமிடங்கள்தான் நிற்கும், ஆனால் போதும். தேன் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பெரிய குழந்தைக்கு அவசரமில்லாத ஊசி என்றால் மரத்துப்போகும் க்ரீம் தடவலாம், ஒரு மணி நேரம் முன்னால்.

கை முறிந்து வளைந்தே போய்விட்டது. மார்ஃபின் என்கிறார்கள். பழக்கமாகிவிடாதா?

ஒரு நாள், இரண்டு நாள் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபினோ ஃபென்டனிலோ குழந்தையை அடிமையாக்காது. மூச்சைக் குறைக்கும் குணம் உண்டு, அதனால் கண்காணிப்போடு கொடுக்கிறோம். அதிகமானால் மாற்றுவதற்கு நலாக்சோன் பக்கத்திலேயே இருக்கும்.

ஃபென்டனிலை ஊசியே இல்லாமல் மூக்கில் கொடுக்கலாம் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. சிரிஞ்ச் நுனியில் ஒரு சின்னத் தெளிப்பானைப் பொருத்தி, கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் என்ற கணக்கில், இரண்டு மூக்கிலும் பாதிப் பாதியாகத் தெளிப்போம். 20 கிலோ குழந்தைக்கு மொத்தமே 0.6 மி.லி. ஐந்து, பத்து நிமிடத்தில் வலி இறங்கும். அதற்குப் பிறகு வென்ஃப்ளான் போட்டால் குழந்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. தொடை எலும்பு முறிவுக்கு, இடுப்புப் பக்கம் ஒரே ஒரு ஊசியில் தொடை நரம்பையே மரக்கவைக்கலாம். நான் பார்த்ததில் இவ்வளவு நன்றிக்குரிய ஊசி வேறில்லை.

"எங்க ஊர் ஆஸ்பத்திரியில் மார்ஃபினே இல்லைன்னு சொல்றாங்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான். 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில் பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு வழியை எளிதாக்கினார்கள். பழக்கம்தான் இன்னும் மாறவில்லை. மார்ஃபின் இல்லாத இடத்திலும் கீட்டமைன் அநேகமாக இருக்கும். அது அடுத்த கேள்வி.

கீட்டமைன் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்துகொண்டே இருந்தான், கூப்பிட்டால் பார்க்கவில்லை. பயந்துவிட்டோம்.

முன்னாடியே சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு. கீட்டமைன் மற்ற மயக்க மருந்துகள் மாதிரி தூங்கவைப்பதில்லை. உடம்பிலிருந்து மூளைக்குப் போகும் சேதியை நடுவில் துண்டித்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், கருவிழி இடமும் வலமும் லேசாக ஆடும், கை தானாக அசையலாம், வாயில் எச்சில் ஊறும். ஆனால் குழந்தைக்கு வலியும் தெரியாது, பிறகு ஞாபகமும் இருக்காது. மூச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கும், ரத்த அழுத்தமும் விழாது. முறிந்த எலும்பைச் சேர்க்க, தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற, ஆழமான காயத்தைத் தைக்க, எங்களுக்கு இதைவிடக் கைகொடுக்கும் மருந்து இல்லை. 1962-இல் உருவாக்கப்பட்டு, 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ரத்தக்குழாயில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பிடிக்கும், 10, 20 நிமிடம் நிற்கும். தசையில் என்றால் பிடிக்கவே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பதில்லை.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. வாந்தி வரலாம், அதற்கு ஆன்டான்செட்ரான் முன்கூட்டியே கொடுப்பதுண்டு. அபூர்வமாகக் குரல்வளை இறுகி மூச்சு தடைபடலாம். 8,282 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து 2009-இல் பார்த்தபோது அது ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பேருக்கு நடந்திருந்தது. முகமூடி வைத்து ஆக்ஸிஜன் அழுத்தித் தரத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். கனடாவின் ஆறு குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் 6,295 குழந்தைகளைக் கவனித்து 2017-இல் வெளியிட்டார்கள். கடுமையான சிக்கல் மொத்தத்தில் 1.1 சதவீதம், கீட்டமைன் மட்டும் தனியாகக் கொடுத்தவர்களிடம் 0.4 சதவீதம். மருந்துகளைக் கலக்கக் கலக்க ஆபத்து கூடுகிறது.

தெளியும்போது சில குழந்தைகள் அழும், இல்லாததைப் பார்ப்பது போலக் கையை நீட்டும். அறை இருட்டாக, அமைதியாக இருக்கட்டும். அம்மா குரல் மட்டும் கேட்கட்டும். "டேய் கண்ணா, டேய்" என்று உலுக்கி எழுப்பாதீர்கள். மருந்து பிடிப்பதற்கு முன்னால் எதை நினைத்துக்கொண்டு போகிறார்களோ அதன் தொடர்ச்சியாகத்தான் தெளிகிறார்கள் என்பது என் அனுபவம். அதனால் ஊசிக்கு முன்னால் "எந்த ஊருக்குப் போலாம்? தாத்தா ஊருக்கா? அங்க என்ன இருக்கு?" என்று பேசிக்கொண்டே கொடுப்பேன். ஒரு பையன் கண் ஆட ஆட "ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி" என்று சொன்னான். கையை நேராக்கிக் கட்டுப் போட்டு முடித்த பிறகும் சிரித்துக்கொண்டே ஆட்டுக்குட்டியைத்தான் தேடினான்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா? படிப்பு மந்தமாகிவிடுமா?

2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை கொடுத்தது: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுத்தால் வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று. கேஸுவால்டியில் நாங்கள் கொடுப்பது ஒரு தடவை, சில நிமிடங்கள். ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் பெற்ற குழந்தைகளுக்கும், முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. அங்கே கொடுத்தது கீட்டமைன் இல்லை, மயக்க வாயு. ஆனாலும் குறுகிய நேர மயக்கத்தைப் பற்றிய பயத்துக்கு நம்மிடம் உள்ள நல்ல பதில் அதுதான்.

இப்போதுதான் இட்லி சாப்பிட்டான். மயக்கம் கொடுக்கலாமா?

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. வழக்கமான கணக்கு, தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், மற்ற பால், லேசான சாப்பாடு 6 மணி நேரம். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அவசரத்தில் கணக்கு வேறு. முறிந்த எலும்பு ரத்தக்குழாயை அழுத்தி விரல் நீலமாகிக்கொண்டிருந்தால் இட்லிக்காகக் காத்திருக்க முடியாது. மேலே சொன்ன கனடா ஆய்வில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் சொன்ன நேரம் பட்டினி இருக்கவில்லை. ஒருவருக்கும் சாப்பாடு நுரையீரலுக்குள் போகவில்லை. காத்திருக்கலாமா கூடாதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, கிளம்பிய பிறகு பசிக்கிறதே என்று வழியில் பிஸ்கட், ஜூஸ் வாங்கிக் கொடுக்காமல் இருப்பது.

ஸ்கேனுக்குத் தூங்கவைக்கும் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலேயே கொடுத்துத் தூங்கவைத்துத் தூக்கிக்கொண்டு வரலாமா?

கூடவே கூடாது. பெடிக்ளோரில் என்று எல்லோரும் சொல்கிற ட்ரைக்ளோஃபாஸ் சிரப்தான் பெரும்பாலும் அது. இனிப்பாக இருக்கிறது, சிரப்பாக இருக்கிறது என்பதால் சாதாரண மருந்து மாதிரி தெரிகிறது. அது மயக்க மருந்து. வீட்டில், காரில், யாரும் மூச்சைப் பார்க்காத இடத்தில் இந்த வகை மருந்து கொடுத்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஸ்கேன் சென்டரிலேயே, நர்ஸ் முன்னால், விரலில் கிளிப் மாட்டிய பிறகு கொடுக்கட்டும். முதல் தடவை தூங்கவில்லை என்று நீங்களாக இன்னொரு மூடி ஊற்றாதீர்கள். மெதுவாக வேலை செய்கிற மருந்து, இரண்டும் சேர்ந்து பிடிக்கும். ஸ்கேன் முடிந்த பிறகும் மணிக்கணக்கில் உடம்பில் இருக்கும்.

இன்னொரு பக்கம், மயக்கமே தேவையில்லாத ஸ்கேன்கள் நிறைய. இப்போதைய சி.டி. சில விநாடிகளில் முடிகிறது. சில மாதக் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றினால் தானே தூங்கிவிடும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். தலையில் அடிபட்டுக் குழப்பமாகக் கத்துகிற குழந்தைக்கு மட்டும் "முதல்ல தூங்கவைங்க" என்று கேட்காதீர்கள். அந்தக் குழப்பமே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

மயக்கம் கொடுக்கும் இடம் சரியானதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாலு விஷயம் கண்ணால் பாருங்கள். விரல் கிளிப் போட்ட மானிட்டர் ஓடுகிறதா, ஆக்ஸிஜனும் சளி உறிஞ்சும் கருவியும் படுக்கைப் பக்கத்திலேயே இருக்கின்றனவா, குழந்தை அளவுக்கான முகமூடியும், அமுக்கி மூச்சு கொடுக்கும் பலூனும் எட்டும் தூரத்தில் உண்டா, எலும்பைச் சேர்ப்பவரைத் தவிர மூச்சை மட்டும் பார்ப்பதற்கென்றே ஒருவர் நிற்கிறாரா. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எலும்பை இழுப்பவரே மானிட்டரையும் பார்க்க முடியாது. வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. மூச்சு குறைவதை விரல் கிளிப்பைவிட முன்னாடியே காட்டிவிடும்.

குழந்தையின் எடை, அலர்ஜி, குறட்டை, சளி, இதய நோய், முன்பு மயக்கத்தில் ஏதாவது பிரச்சினை வந்ததா என்று கேட்காமலே ஊசியோடு வந்தால், "எடை பார்க்கலையே, சிஸ்டர்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

தேள் கொட்டினால், சுடுநீர் கொட்டினால்?

செந்தேள் கொட்டிய இடத்தில் வலி உயிர் போகும். கொட்டிய இடத்தில் லிக்னோகெயின் போட்டால் நன்றாக அடங்கும். ஆனால் வலியைவிடப் பெரிய ஆபத்து இதயம். கை கால் சில்லிட்டு, வேர்த்துக் கொட்டி, வாந்தியும் எச்சிலும் வந்தால் நிமிடம் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ப்ரசோசின் என்ற மாத்திரை உயிரைக் காப்பாற்றும். மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் செய்த வேலையால் உலகத்துக்குத் தெரியவந்த சிகிச்சை அது.

சாம்பார், ரசம், வெந்நீர் கொட்டினால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். அதுவே முதல் வலி மருந்து. மூன்று மணி நேரம் வரைக்கும்கூடப் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம், பிறகு அதைச் சுரண்டி எடுப்பது இன்னொரு வலி. சுத்தமான துணியால் மூடுங்கள், காற்று படாமல் இருந்தாலே எரிச்சல் குறையும்.

நான் குழந்தையோடு உள்ளே இருக்கலாமா? என்ன பேசுவது?

இருக்கலாம், இருக்க வேண்டும் என்றே சொல்வேன். உங்களுக்குத் தலை சுற்றும் என்றால் நாற்காலி கேளுங்கள், குழந்தையின் முகத்தைப் பாருங்கள், காயத்தைப் பார்க்காதீர்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்த அந்த நொடியில் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், அம்மா கைய விடமாட்டேன்" என்றால் போதும். "அடம் பிடிச்சா டாக்டர் மாமா பெரிய ஊசி போட்டுடுவார்" என்று எங்களைப் பூச்சாண்டி ஆக்கவும் வேண்டாம். பையன்களிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று கேட்பதைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அழட்டும். அழுதால் எனக்கு வேலை கெடாது.

மயக்கம் தெளிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், வழக்கம் போலப் பேச வேண்டும், உட்கார்ந்தால் தலை நிற்க வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அது வயிற்றில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் "பெட் வேணும், கிளம்புங்க" என்றாலும் கிளம்பாதீர்கள். வலி மருந்து அடுத்த வேளை எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் வலி வரும் வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுப்பது நல்லது.

அன்று முழுக்க நடை தள்ளாடும். மொட்டை மாடி, படி, சைக்கிள், கிணற்றடி வேண்டாம். முதலில் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் சாப்பாடு. ஒன்றிரண்டு தடவை வாந்தி எடுக்கலாம், விடாமல் எடுத்தால் திரும்பி வாருங்கள். எழுப்பினால் எழாவிட்டால், மூச்சு இரைந்தால், உதடு நிறம் மாறினால் 108.

டூவீலரில் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்கும் குழந்தையின் தலை முன்னால் சாயும், தாடை நெஞ்சில் அழுந்தும், மூச்சுக்குழாய் மடங்கும். பின்னால் இருப்பவருக்கு முதுகுதான் தெரியும். ஆட்டோ பிடித்து, குழந்தையை மடியில் சாய்த்து, முகம் உங்களுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு போங்கள்.